பாட்டு, படம், அப்புறம் எழுத்து!

"எல்.கே.ஜி.யில் சேர்த்து நாலு மாசம் ஆச்சு. எதிர் வீட்டுக் குழந்தை 'அ'விலிருந்து 'ஃ' வரைக்கும் மளமளன்னு எழுதறது. நம்ம வீட்டுது பென்சிலைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறது. என்ன பண்றதுன்னே தெரியலை!"

இந்தப் புலம்பலைக் கேட்காத தெரு உண்டா? பள்ளியில் நோட்டு நோட்டாக எழுதச் சொல்கிறார்கள். வீட்டில் அம்மா கையைப் பிடித்து எழுதவைக்கிறாள். குழந்தை சிணுங்குகிறது. அம்மாவுக்குக் கோபம் வந்து முதுகில் ஒன்று வைக்கிறாள். அப்புறம் ராத்திரி, தூங்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்து, 'நம்ம குழந்தை மந்தமோ?' என்று மனசுக்குள் ஒரு பயம்.

பயமே வேண்டாம், சகோதரிகளே! நாலு வயசில் எழுத வராதது மந்தம் அல்ல. படிப்பு கை விரலில் ஆரம்பிப்பதில்லை. காதில் ஆரம்பித்து, கண்ணுக்கு வந்து, கடைசியில்தான் விரலுக்கு வருகிறது. காதுக்குப் பாட்டு, கண்ணுக்குப் படப் புத்தகம். இரண்டையும் தாராளமாகக் கொடுத்துவிட்டு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தால், குழந்தைக்குப் பாதி பாரம் குறைந்துவிடும். வரிசையை மாற்றி அடித்துப் பழக்கினாலும் குழந்தை எழுதக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கூடவே புத்தகத்தின் மேல் ஒரு வெறுப்பையும் கற்றுக்கொள்ளும். அதுதான் பெரிய நஷ்டம்!

காது பழகினால் கண் பழகும்

பாட்டுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம்.

எழுத்து என்பது ஒலிக்கு நாம் போட்டிருக்கும் உடுப்பு. உள்ளே இருக்கும் ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரியாத குழந்தைக்கு 'க' என்பது வெறும் கோடும் வளைவும்தான். நம் தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247 எழுத்து. இத்தனையையும் படம் மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். 'கு' என்பதில் 'க்' என்ற ஒலியும் 'உ' என்ற ஒலியும் இருக்கின்றன என்று காது பிடித்துக்கொண்டால் அந்த மலை சின்னக் குன்றாகிவிடும்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிராட்லி, பிரையண்ட் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் 1983-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. நாலு, ஐந்து வயசுக் குழந்தைகள் சுமார் 400 பேரைச் சில வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். எந்த வார்த்தைகள் ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்று கண்டுபிடிக்கத் தெரிந்த குழந்தைகள் பிற்பாடு படிப்பதிலும் நன்றாக வந்தார்கள்.

அவர்களில் 65 குழந்தைகளுக்குப் பயிற்சிச் சோதனை ஒன்றும் நடந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு இரண்டு வருஷத்தில் 40 தடவை படங்களை வைத்து விளையாட்டு. 'ஹென்' என்ற கோழிப் படம் முதல் ஒலியால் 'ஹேட்' படத்தோடு சேரும். கடைசி ஒலியால் 'மேன்' படத்தோடு சேரும். இப்படி ஒலி பார்த்துச் சேர்த்த குழந்தைகள் படிப்பில் முந்தினார்கள். அதோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் வைத்துப் பழகினவர்கள் எல்லாரையும் விட முந்தினார்கள். ஆகவே எழுத்தே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒலி பழகின காதோடு எழுத்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

மோனையும் எதுகையும் வீட்டுச் சொத்து

ஆங்கிலப் பாட்டில் வரிக் கடைசி ஒத்து ஒலிப்பதுதான் முக்கியம். நம் பாட்டில் அதைத் தவிர இன்னும் இரண்டு அழகு உண்டு. முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. பள்ளியில் இலக்கண வகுப்பில் நம்மைப் பயமுறுத்திய அதே மோனையும் எதுகையும்தான், மூன்று வயசுக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான்! வார்த்தையின் முன்பக்கம், நடு, கடைசி என்று எல்லா இடத்திலும் காதைத் தீட்டிக்கொள்ளப் பாட்டு இடம் கொடுக்கிறது.

குழந்தைப் பாட்டுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. பாரதியார் பாப்பாவுக்கென்றே பாடினார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876-1954) பசுவையும் கிளியையும் பாடினார். பாங்க் உத்தியோகத்தில் இருந்துகொண்டே குழந்தைகளுக்காக எழுதித் தள்ளினவர் 'குழந்தைக் கவிஞர்' அழ. வள்ளியப்பா (1922-1989). அவருடைய 'மலரும் உள்ளம்' தொகுப்பு வீட்டில் இருந்தால் ஒரு வருஷத்துக்குப் பாட்டுக் கவலை இல்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பாடத்திட்டம் ஒன்றுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பாட்டு, ஒரு வாரம்

பத்துப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து விருந்தாளி முன்னால் ஒப்பிக்க வைப்பதை விட, ஒரு பாட்டை ஒரு வாரம் வைத்து விளையாடுவது மேல். இதோ, உங்கள் உபயோகத்துக்காகவே கட்டின ஒரு நாலு வரி:

கட்டைப் பிடியாம் கறுப்புக் குடை
பட்டுப் பாப்பா பிடிக்கும் குடை
சொட்டச் சொட்ட நனைந்த குடை
மொட்டை மாடியில் காயுது குடை!

திங்கள்: பாட்டு மட்டும். குளிப்பாட்டும்போதும், சாதம் ஊட்டும்போதும் பாடுங்கள். குடை பிடிப்பதையும், தண்ணீர் சொட்டுவதையும் நடித்துக் காட்டுங்கள். உங்கள் குரல் நன்றாக இல்லையே என்ற கவலை வேண்டாம். குழந்தைக்கு நீங்கள்தான் எம்.எஸ்.!

செவ்வாய்: ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தையை விழுங்கிவிடுங்கள். "பட்டுப் பாப்பா பிடிக்கும்..." என்று நிறுத்தினால் "குடை!" என்று குழந்தை கத்தும்.

புதன்: கை தட்டுங்கள். 'கு-டை' இரண்டு தட்டு. 'பாப்-பா' இரண்டு. 'க-றுப்-பு' மூன்று. ஒரு வார்த்தைக்குள் துண்டு துண்டாக ஒலி இருக்கிறது என்பது இதில் புரிந்துவிடும்.

வியாழன்: கொஞ்சம் சேட்டை. "பட்டுப் பாப்பா பிடிக்கும் வடை" என்று தப்பாகப் பாடுங்கள். குழந்தை சிரித்துக்கொண்டு, "வடை இல்லேம்மா, குடை!" என்று திருத்தும். விடாதீர்கள். கடை, சடை, நடை, உடை, எடை என்று வரிசையாக மாற்றிப் பாடுங்கள். முதல் எழுத்து மாறினால் சொல்லே மாறிவிடுகிறது என்று ஒரு பாடம் சொல்லாமலே நடந்துவிடும்.

வெள்ளி: நாலு வரிக்கு நாலு படம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். பக்கத்துக்கு ஒரு படம், அடியில் ஒரு வரி, பெரிய எழுத்தில். படத்தைக் குழந்தை கிறுக்கட்டும். வரியை நீங்கள் எழுதுங்கள். ஊசி நூலால் தைத்துவிட்டால் புத்தகம் தயார். அட்டையில் குழந்தையின் பெயரைப் போட மறக்காதீர்கள்.

சனி: விரல் வைத்துப் படியுங்கள். இடமிருந்து வலமாக விரல் போக வேண்டும். "நாலு பக்கத்திலும் ஒரே வார்த்தை ஒளிஞ்சிருக்கு, எங்கே காட்டு?" என்று கேளுங்கள். 'குடை' என்ற சொல்லைக் குழந்தை முழுசாக அடையாளம் கண்டுபிடிக்கும். அதன் பிறகே 'கு' தனியாக, 'டை' தனியாக.

ஞாயிறு: குழந்தை அப்பாவுக்குப் 'படித்துக்' காட்டட்டும். அது மனப்பாடமாகத்தான் சொல்லும். "இது படிப்பா, ஒப்பிக்கிறே!" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. புத்தகத்தைத் திறந்தால் அதற்குள்ளிருந்து பேச்சு வருகிறது என்று கண்டுகொள்வதுதான் முதல் படிப்பு.

அடுத்த வாரம் வேண்டுமானால் அட்டை விளையாட்டு. குடை, கடை, வடை, சடை படங்களை ஒரு கூட்டமாகவும், குடை, குருவி, குதிரை, குடம் படங்களை ஒரு கூட்டமாகவும் சேர்க்கச் சொல்லுங்கள். குடைப் படம் இரண்டு கூட்டத்திலும் இடம் பிடிக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் கோழிப் படத்துக்கு நம் வீட்டுக் குடை எந்த விதத்தில் குறைச்சல்?

"கொடை"யா, "குடை"யா?

நம் தமிழில் ஒரு விசேஷ சிரமம் உண்டு. நாம் பேசும்போது "கொடை", "கொடம்", "எலை", "கொரங்கு" என்கிறோம். புத்தகத்தில் குடை, குடம், இலை, குரங்கு என்றிருக்கிறது. "வந்துட்டான்" என்று பேசுகிறோம். "வந்துவிட்டான்" என்று எழுதுகிறோம். இலைப் படத்துக்குக் கீழே 'இ' என்று போட்டிருக்கும். "எலை"க்கு எப்படி 'இ' வரும் என்று குழந்தை விழிப்பது நியாயம்தானே?

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பாட்டும், வாய்விட்டுப் படிக்கும் கதையும். பாடும்போது 'குடை', 'இலை' என்று புத்தக உச்சரிப்பிலேயே பாடுங்கள். கதையை முதலில் புத்தகத்தில் உள்ளபடியே ஒரு தடவை படியுங்கள். அப்புறம் "பார்த்தியா, குரங்கு தொப்பியை எடுத்துட்டு ஓடிடுச்சு!" என்று நம் பேச்சில் சொல்லுங்கள். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று குழந்தைக்குத் தானாக விளங்கும். பேசின வாயைத் திருத்தக் கூடாது. "எலைன்னு சொல்லாதே" என்று அதட்டினால், குழந்தை பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: 'காகம்' என்ற சொல்லில் இரண்டு ககரம் வருகிறது. முதலாவது ஒரு விதமாகவும் இரண்டாவது வேறு விதமாகவும் ஒலிக்கிறது. 'டை' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டிய விஷயம். முழுச் சொல்லைப் படத்தோடு பல தடவை பார்த்த குழந்தைக்கு இந்தக் குழப்பம் ஜாஸ்தி இருக்காது.

படப் புத்தகத்தை எப்படிப் படிப்பது?

படத்தை வைத்துப் பாடம் சொல்லலாம் என்பது பழைய யோசனை. கொமேனியஸ் என்ற அறிஞர் 1658-லேயே குழந்தைகளுக்காகப் படப் பாடப் புத்தகம் வெளியிட்டார். ஆனால் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

1988-ல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் அவர் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வயசை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு மாசம் ஒரு முறையைப் பழக்கினார்கள். தாங்களே படித்துக்கொண்டு போகாமல், குழந்தையைக் கேட்டு, அது சொன்னதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாசத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றக் குழந்தைகளை விடப் பல மாதம் முன்னேறிவிட்டது.

நம் வீட்டில் அதை இப்படிச் செய்யலாம்:

"இது என்ன?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். "இந்தப் பூனை ஏன் முழிக்கறது?", "அடுத்த பக்கத்துல என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

குழந்தை "பூனை பால்" என்றால், "ஆமாம், பூனை திருட்டுத்தனமா பால் குடிக்கறது" என்று முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டபின் சற்றுப் பொறுங்கள். பதில் யோசிக்கக் குழந்தைக்கு நேரம் வேண்டும்.

அதே புத்தகத்தையே தினமும் கேட்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்கத்தான் வார்த்தை மனசில் படியும்.

தினமும் பத்து நிமிஷம் போதும். குழந்தை எழுந்து ஓடினால் புத்தகத்தை மூடிவிடுங்கள். நாளைக்கு வரும்.

"எனக்கே அவ்வளவாகப் படிக்க வராதே" என்று தயங்கும் தாய்மார்களும் உண்டு. வார்த்தையே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன. படத்தைப் பார்த்துக் கதை சொல்ல யாருக்கும் படிப்பு வேண்டாம். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாவிட்டாலும் அவர் வாயில் நூறு பாட்டு இருக்கும். அந்தப் பாட்டும் இந்தப் படிப்பில் சேர்த்திதான்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

நேஷனல் புக் டிரஸ்ட் 1957-ல் ஏற்பட்ட மத்திய அரசு நிறுவனம். அதன் 'நேரு பால புத்தகாலயம்' வரிசையில் தமிழிலும் குறைந்த விலைப் படப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் படப் புத்தகம் போடுகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ளவையும் உண்டு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் இலவசம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. பக்கத்துக் கிளை நூலகத்தில் விசாரியுங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்குப் போவதற்குப் பதில் ஒரு தடவை அங்கே போய்ப் பாருங்கள்!

பரணில் அம்மா காலத்துப் பாட்டுப் புத்தகம் இருந்தால் பொக்கிஷம்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. அதற்கு முந்தின புத்தகங்களில் லை, னை, ணை, ளை முதலியவை யானைத் தும்பிக்கை போட்ட மாதிரி வேறு வடிவத்தில் இருக்கும். அவற்றை நீங்கள் படித்துச் சொல்லுங்கள். எழுத்தைக் காட்டிப் பழக்க வேண்டாம்.

செல்போன் பாடட்டுமே?

பாட்டு போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சமைக்கலாம் என்று தோன்றுவது சகஜம். ஆனால் செல்போன் நிறுத்திக் கேட்காது. குழந்தை தப்பாகச் சொன்னால் சிரிக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன யோசனைப்படி, இரண்டு முதல் நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து திரை பார்க்கக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. காய் நறுக்கிக்கொண்டே நீங்கள் பாடுங்களேன்! கையில் கத்திரிக்காய், வாயில் பாட்டு.

சரி, பென்சில் எப்போது?

சின்ன விரல்களுக்கு முதலில் பலம் வர வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசையட்டும், பூ கோக்கட்டும், கோலப்பொடியால் புள்ளி வைக்கட்டும். கோலத்தில் வரும் வளைவெல்லாம் எழுத்திலும் வரும் வளைவுதானே! விஜயதசமி அன்று நெல்லில் விரலால் 'அ' எழுதவைக்கும் நம் வழக்கத்தைப் பாருங்கள்: பென்சில் இல்லை, விரல்தான். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும் அப்படித்தான். உப்புத்தாளில் வெட்டின எழுத்தைக் குழந்தை முதலில் விரலால் தடவிப் பார்க்கும்.

பென்சில் எடுக்கும்போது ட, ப, ம போன்ற சுலபமான எழுத்துகளில் ஆரம்பிக்கலாம். இல்லாவிட்டால் குழந்தையின் பெயரின் முதல் எழுத்து. அதைவிடப் பிரியமான எழுத்து அதற்கு வேறு எது? பள்ளியில் நிறைய எழுதச் சொன்னால் ஆசிரியையிடம் பணிவாகப் பேசிப் பாருங்கள். "வீட்டில் பாட்டும் கதையும் சொல்லித் தருகிறோம், எழுத்து கொஞ்சம் மெதுவாக வரட்டும்" என்று சொல்வதில் தவறே இல்லை.

எதைக் கவனிக்க வேண்டும்?

எழுத வராதது வியாதி அல்ல. ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, இரண்டு வயசு முடிந்தும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத குழந்தை, படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்தே பார்க்கும் குழந்தை: இவர்களை டாக்டரிடம் காட்டிக் காதையும் கண்ணையும் பரிசோதிப்பது அவசியம். அடிக்கடி காதில் சீழ் வடிந்தாலும் அலட்சியம் கூடாது. காது சரியாகக் கேட்காத குழந்தையைக் 'கவனமில்லை' என்று அடித்துக்கொண்டிருக்கும் கொடுமை நம் வீட்டில் நடக்க வேண்டாம்.

மற்றபடி, எதிர் வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அது 'ஃ' வரை எழுதட்டும். உங்கள் குழந்தை இன்று ஒரு பாட்டில் வார்த்தையை மாற்றிப் போட்டுச் சிரித்ததா? படத்தைப் பார்த்து "அப்புறம்?" என்று கேட்டதா? தலைகீழாகப் பிடித்தாவது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததா? அப்படியானால் படிப்பு ஆரம்பமாகிவிட்டது. 'அ' வர இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். வரும்போது அது அழாமல் வரும். வந்தபின் புத்தகத்தை விட்டுப் போகாது.